அடுப்புக்கு அடியில் ஒரு லாடம்

அன்புள்ள செண்பகம்,

உன் அப்பா இதுவரை கையால் எழுதியதெல்லாம் சாமான் பட்டியல்தான். ஐந்நூறு இலைக்கு அரிசி எவ்வளவு, தேங்காய் எத்தனை, இஞ்சி எவ்வளவு என்று கல்யாண வீட்டாருக்கு எழுதிக் கொடுப்பேனே, அது. இன்றைக்கு உனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், போனில் சொல்ல முயன்று மூன்று தடவை தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். மூன்றாவது தடவை நீ "சொல்லுங்கப்பா" என்றதும் நான், "அங்கன மழை உண்டாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா, இங்கன நல்ல வெயிலு" என்றாய். "சரி தாயி, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து உன் அம்மா என்னிடம் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாள் கட்டையும் பேனாவையும் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வாயால வராட்டி கையால வரட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தேதான் எழுதப் போகிறேன். நாளைக்கு உன் பிள்ளைகள் இதை எடுத்து வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும், தாத்தா எப்பேர்ப்பட்ட ஆள் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். "அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆடி மாசம் அங்கன வந்து அடுப்பு வச்சு அளந்தேன்லா, அதுல முதல் மூணு வாரம் பலகைக்கு அடியில ஏதாவது இரும்பு கிடந்துச்சா? இடது பக்கமா?" நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஒரு ஆணிகூட கிடையாது தாயி" என்றேன். உடனே நீ, "அப்ப என் கணக்குலதான் எங்கியோ கோளாறு இருக்கு. அது என்னன்னு தெரியாம தீசிஸைக் கொடுக்க முடியாதுப்பா. இன்னும் ஒரு வருஷம் இங்கனயே உக்காந்து முதல்ல இருந்து போடணும் போல" என்றாய். தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஊரில் நீங்கள் இரண்டு பேரும் குடித்தனம் வைப்பதாகப் பேச்சு. இப்போது அவர் அங்கே, நீ சென்னை விடுதியில் என்று ஒரு வருடம் போகப் போகிறது. ஒரு ஆணிகூட கிடையாது என்று உன் அப்பா சொன்ன ஒரே வார்த்தையால்.

உன் கணக்கில் கோளாறு இல்லை. இரும்பு இருந்தது. நான்தான் வைத்தேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை எழுதி முடித்ததுமே நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதியை இறக்க வேண்டுமானால் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். அவசரமாக இருந்தால் கடைசித் தாளைப் பார்த்துக்கொள், அளவெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் முழுக்க வாசித்தால் நான் கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. தவசுப்பிள்ளைகளுக்கு, அதாவது என்னைப் போலக் கல்யாணச் சமையல் செய்கிறவர்களுக்கு, வருடத்தில் அது ஒன்றுதான் முதுகு நிமிர்கிற மாதம். குற்றாலத்தில் சீசன், தென்காசிக்குள் பகலெல்லாம் சாரல். மற்ற ஆடியில் எல்லாம் நான் அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அருவியே கதி என்று கிடப்பேன். இந்த ஆடிக்கு முன்னால் நீ போன் பண்ணி, "அப்பா, நம்ம சமையல் கொட்டகையை எனக்கு ஒரு மாசம் தருவியளா?" என்று கேட்டாய். ஆராய்ச்சி செய்கிற பிள்ளை என்னிடம் கொட்டகையைக் கேட்கிறது. நான் அன்றைக்குத் தென்காசி பஸ் நிலையத்திலிருந்து வீடு வரை கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்கு, "கரண்ட் அடுப்பு" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

நீ வந்து சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாரிடமும் இருக்கிறது. ஐந்நூறு பேருக்குக் குழம்பு வைக்கிற அண்டாவுக்கு அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றால், அந்த அண்டாவின் அடியில் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டையின் மேல் கம்ப்யூட்டரை வைத்து நீ எனக்குக் காட்டினாய். அண்டாவின் அடிப்பாகத்தை முக்கோணம் முக்கோணமாக வெட்டிப் போட்டிருந்தாய், நான் தேங்காய் பர்பிக்குத் துண்டு போடுகிற மாதிரி. கீழ்த்தோலில் மட்டும் பொடிப் பொடித் துண்டு, உள்ளே போகப் போகப் பெரிய துண்டு. ஏன் இப்படி ஒன்றுபோல வெட்டாமல் வைத்திருக்கிறாய் என்றேன். "விஷயமெல்லாம் அந்தத் தோலுலதாம்பா நடக்கு. கீழ இருக்க கம்பிச் சுருள்ல கரண்ட் மாறி மாறிப் போகுதுல்லா, அதுனால காந்தப் புலமும் மாறிக்கிட்டே இருக்கு. அது இரும்புக்குள்ள போகப் பாக்கும், இரும்பு விடாது. உள்ள ஒரு கரண்ட் சுத்தி எதுத்து நிக்கும். அந்த மல்லுக்கட்டுலதான் சூடு வருது" என்றாய். நெருப்பே இல்லாமல் மல்லுக்கட்டிலேயே சோறு வேகும் என்றால் எனக்கு ஏன் விளங்காது, நானும் உன் அம்மாவும் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

அடுத்து நீ சொன்னதுதான் என் மனதில் நின்றது. "கரண்ட் இவ்வளவுதான் வரும்னு நாமளா ஒரு நம்பரை வச்சிக்கிட்டா கணக்கு ஈஸிப்பா. நிறைய பேரு அப்படித்தான் போடுதாங்க. ஆனா அண்டாவை மேல வச்சதும் அது சர்க்யூட்டைத் திருப்பி இழுக்கும். சர்க்யூட்டு அண்டாவை மாத்துது, அண்டா சர்க்யூட்டை மாத்துது. ரெண்டையும் ஒண்ணா, ஒவ்வொரு நொடித்துண்டுக்கும் சேத்துத்தான் போடணும்." இதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து போய்த் தேங்காய் துருவினேன். வேலை ஒன்றும் இல்லை, ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என் மகள் இதையெல்லாம் யோசிக்கிறாள் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அண்டா வாங்கப் போனது உனக்கு மறந்திருக்காது. என் பித்தளை அண்டாவும் அலுமினியமும் உன் அடுப்புக்கு ஆகாது, காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும் என்றாய். பாத்திரக் கடையில் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொண்டு நீ அண்டா அண்டாவாகக் குனிந்து தட்டிப் பார்க்க, கடைக்காரர் என் காதில், "அண்ணாச்சி, பாப்பாவுக்கு வைத்தியம் படிக்க வச்சிருக்கியளோ, எல்லாத்துக்கும் நாடி பாக்குதே" என்றார். கடைசியில் மேல் வரிசையில் இருந்த ஒரு எவர்சில்வர் அண்டாவில் காந்தம் டக்கென்று ஒட்டியது. நீ கடைக்குள்ளேயே கைதட்டினாய். அந்த அண்டாவைத்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

இனிமேல்தான் என் சங்கதி. நீ வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடுப்புக்கு மரத்தில் ஒரு மேடை செய்யச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தாய். நடுவில் வட்டமாகக் குழி, அதில் கம்பிச் சுருள் உட்கார வேண்டும். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது, எல்லாம் மர முளைதான் என்று எழுதியிருந்தாய். பின்னால் கடையில் வருகிற அடுப்புக்குச் சுருளுக்கு அடியில் ஏதோ கருப்புக் கட்டைகள் வைப்பார்களாம், முதலில் அது எதுவும் இல்லாமல் வெறும் மரத்தில் அளந்தால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும் என்று சொன்னாய். நான் தச்சாசாரி வீட்டு வாசலில் இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ஆணி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன். மேடை முடிந்த அன்று என் பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பழைய குதிரை லாடத்தை எடுத்து, பலகைக்கு அடியில் இதற்கு ஒரு பள்ளம் தோண்டும் என்றேன். ஆசாரி லாடத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆணி வேண்டாம்னு ரெண்டு நாளா என் உயிரை எடுத்திட்டு, இப்ப லாடத்தையே வைக்கச் சொல்லுதிய." நான், "ஆணி வேற, இது வேற. இது அடுப்புக்குக் காவலு. நீரு தோண்டும்" என்றேன். பள்ளம் தோண்டி, லாடத்தை உள்ளே வைத்து, மேலே ஒரு மரப் பட்டையை முளையடித்து மூடினார். நீ எத்தனை தடவை குனிந்து பார்த்திருந்தாலும் மரம்தான் தெரிந்திருக்கும்.

நீ சிரிப்பாய், தெரியும். சமையல்காரன் பிழைப்பு கண்பட்டால் கெட்டுப்போகிற பிழைப்பு. அடுப்புப் பக்கத்தில் ஒரு இரும்பு இல்லாமல் நாங்கள் தீ மூட்டுவதில்லை. சிலர் கத்தியைச் செருகுவார்கள், சிலர் சாவியைப் போடுவார்கள். எனக்கு லாடம். விறகடுப்பானாலும் சரி, கேஸ் அடுப்பானாலும் சரி, முதல் அண்டாவுக்கு அடியில் அது இருக்கும். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. விறகும் கேஸும் லாடத்தைக் கவனிப்பதில்லை. உன் அடுப்பு கவனிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரும்பைச் சூடாக்குவதற்கென்றே பிறந்த அடுப்புக்கு அடியில் இரும்பைக் கொண்டு வைத்த முதல் ஆள் அநேகமாக நான்தான்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷம்தான் முதலில் வருகிறது. விடியக்காலம் நாம் மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போவோம். உன் அம்மா நல்லெண்ணெயைத் தேய்த்து உன்னைத் தண்ணீருக்குள் தள்ளுவாள். நீ வெளியே வந்து பல் தந்தியடிக்க மங்குஸ்தான் பழம் கேட்பாய், தோலை என் கையில் தருவாய். கொட்டகைக்குத் திரும்பி, சுருளைச் சுற்றி நாலு பக்கமும் சின்னச் சின்னக் கம்பி வளையங்களை ஒட்டி அளக்க ஆரம்பிப்பாய். அண்டாவில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. மூன்று வாரமாகத் தண்ணீரையே காய்ச்சிக்கொண்டிருந்ததால் எதிர்வீட்டு அண்ணாச்சி, "தவசுப்பிள்ளை இப்பதான் வெந்நி வைக்கப் படிக்கீரு போல" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் உன் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது. கணக்கு ஒன்று சொல்கிறது, அளவு ஒன்று சொல்கிறது. "அண்டாவுக்குப் போகவேண்டிய சூட்டுல ஒரு பங்கை யாரோ களவாங்குதாங்கப்பா" என்றாய். முக்கோணங்களை இன்னும் பொடியாக வெட்டினாய். நொடித்துண்டுகளை இன்னும் சின்னதாக்கினாய். கம்ப்யூட்டர் ராவும் பகலும் முனகியது, பதில் மாறவில்லை. களவாங்குகிற ஆள் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு லாடத்தின் நினைப்பே இல்லை. மூன்றாம் வாரக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் நீ அடுப்பை முழு வேகத்தில் வைத்தாய். கொஞ்ச நேரத்தில், "என்னப்பா துணி கருகுத மாதிரி வாசம் வருது?" என்றாய். அப்போதுதான் எனக்கு லாடம் நினைவுக்கு வந்தது. "அடுத்த வீட்டுல கரித்துணியைப் போட்டு எரிக்காங்க போல" என்றேன். என் முதல் பொய் அது.

நீ அடுப்பை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினாய். "எனக்கு இந்தப் படிப்பு வராதோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, உங்கள் பேராசிரியை அம்மாவுக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனாய். நான் அவசரமாகக் குனிந்து முளையைப் பிடுங்கிப் பட்டையை நீக்கிக் கையை விட்டேன். மஞ்சள் துணி காபி நிறத்துக்குக் கருகியிருந்தது. லாடம் தோசைக்கல் கணக்காகக் கொதித்தது. இரண்டு விரல் வெந்துபோனது. அதை வேட்டி நுனியில் பொதிந்துகொண்டு, பட்டையைத் திரும்ப மூடிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். சாயங்காலம் என் விரலைப் பார்த்துவிட்டு, "இந்த அடுப்புல நெருப்பே கிடையாதே, கை எப்படிப்பா சுட்டுச்சு?" என்று கேட்டாய். "அண்டாவைத் தொட்டுட்டேன்" என்றேன். அது இரண்டாவது பொய். அன்று சாயங்காலமே எண்கள் எல்லாம் கணக்கோடு வந்து உட்கார்ந்தன. நீ கொட்டகைக்குள் குதித்தாய், என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாய், உன் அம்மா கேசரி கிண்டினாள். இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் போய் லாடத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? ஒரு வாரம் எல்லாம் பொருந்தி வந்தது, நீ ஊருக்குப் போனாய், விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

உன்னை எனக்குத் தெரியாமல் போனதுதான் என் தப்பு. தப்பாக வந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சரியாக வந்ததை மட்டும் எழுதிக் கொடு என்று உங்கள் பேராசிரியை அம்மா சொன்னாராம். நீ மாட்டேன் என்றாயாம். "அந்த மூணு வாரம் ஏன் தப்புன்னு தெரியாட்டி, கடைசி வாரம் ஏன் சரின்னும் எனக்குத் தெரியாதுல்லா" என்று இங்கே உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். மிச்சம் வைத்த சோற்றுக்குக்கூட யார் வைத்தது என்று கேட்கிற பிள்ளை நீ, இதை விடுவாயா. எங்கே என்ன இருந்தால் அப்படித் தப்பாக வரும் என்று திருப்பிக் கணக்குப் போட்டு, பலகைக்கு அடியில் இடது பக்கம் இரும்பு இருந்திருக்க வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்திருக்கிறாய். போனில் நீ "இடது பக்கமா" என்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாவது பொய்யைச் சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள். "பிள்ளை கணக்கு சரின்னு தெரிஞ்சிக்கிட்டே தப்புன்னு நம்ப வச்சிட்டியளே. இந்தக் கையால அவ மறுவீட்டு விருந்துக்கு எப்படிச் சொதி வைப்பிய?" என்றாள். அந்தக் கேள்வி சுட்ட அளவுக்கு லாடம்கூடச் சுடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். வெட்கம். சிவப்பு எழுத்தில் நீ எழுதியதை ஊரெல்லாம் காட்டிப் பெருமை அடித்துவிட்டு, கண்ணேறுக்கு லாடம் வைத்தேன் என்று விஞ்ஞானி மகளிடம் எப்படிச் சொல்வது? அந்த லாடம் எப்படி என் கைக்கு வந்தது என்பதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. அதை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. இந்தத் தாளில் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

செங்கோட்டையில் ஒரு மறுவீட்டுச் சமையல். கல்யாணம் முடிந்து பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துதான் மறுவீடு; அதற்கு நம் பக்கம் தேங்காய்ப்பால் சொதிதான், இஞ்சித் துவையல்தான், வேறு பேச்சுக்கு இடமில்லை. தேங்காயின் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய் வெந்து, பாசிப்பருப்பும் சேர்ந்தாகிவிட்டது. கடைசியாக முதல் பால். அதை ஊற்றினால் கொதிக்க விடக் கூடாது, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கண் இமைத்தால் திரிந்துவிடும். நான் முதல் பாலை ஊற்றிக் கரண்டியைப் போட்ட நேரத்தில் பெண்ணுக்கு மாமா கொட்டகைக்குள் வந்து, "வே தவசுப்பிள்ளை, வீட்டு போனுக்குச் சேதி வந்திருக்கு. உமக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்காம், தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவளாம்" என்றார். நான் கரண்டியோடு நின்றேன். என்ன நிறம் என்று கேட்டேன். முடி இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு என்ன தெரியும், அவர் பாவம் சிரித்துக்கொண்டு நின்றார். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தால் அண்டாவில் பால் பொங்கிக் கொதிக்கிறது. விறகைப் பிடித்து இழுத்தேன், தணல் சும்மா இருக்குமா, தண்ணீர் வேறு திப்பி வேறாகத் திரிந்துவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மறுவீட்டுப் பந்தியில் சாம்பார் சாப்பிட்டார்கள்.

ஏன் திரிந்தது என்று கேட்டார்கள். மகள் பிறந்த குஷியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கண்ணு பட்டுட்டு" என்றேன். கொஞ்சம் முன்னால்தான் பெண்ணுக்குச் சித்தி ஒருத்தி வந்து, "என்ன வாசம், என்ன வாசம்" என்று மெச்சிவிட்டுப் போயிருந்தாள். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. அந்த மகராசி எங்கே இருக்கிறாளோ, நல்லா இருக்கட்டும், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. உன்னைப் பார்க்க ரயிலேற ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசலில் ஒரு குதிரை வண்டிக்காரர் தேய்ந்த லாடத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு நான் சொன்ன பொய்யை அதற்குள் நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தென்காசி ஆஸ்பத்திரியில் உன்னை முதன்முதலில் என் கையில் தர வந்த நர்ஸம்மா, "முதல்ல அந்த இரும்பைக் கீழ வைங்க" என்று அதட்டியது இன்னும் காதில் கிடக்கிறது. உனக்கும் அந்த லாடத்துக்கும் ஒரே வயது.

ஆக, புத்தி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். கல்யாணமாகிப் போகிற பிள்ளைக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. உன் கணக்கு தப்பிப்போனால் உன் மூளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உன் அப்பனைச் சந்தேகப்படு. நல்லது செய்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் என்னவெல்லாம் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று குனிந்து பார், பட்டையை நீக்கியும் பார். இன்னொன்று, நீ சொன்னதுதான். அண்டா சர்க்யூட்டை மாற்றும், சர்க்யூட் அண்டாவை மாற்றும் என்றாயே. அந்த வீட்டுக்குப் போய் நான் இப்படித்தான் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதே. அவர்களும் இப்படித்தான் என்று எழுதி வைத்துவிடாதே. தினமும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் போடு. நான் உன் அம்மா விஷயத்தில் ரொம்ப நாள் ஒரு பக்கக் கணக்கே போட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை, என் அடுப்பு, என் முகூர்த்தம், அதற்குத் தக்கபடி அவள். நாலு முகூர்த்தம் சேர்ந்த வாரத்தில் அவளுக்கு டைபாய்டு என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "நீங்க கேக்கலையே" என்றாள். அன்றிலிருந்துதான் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பழகினேன். நீ முதல் நாளிலிருந்தே பழகிக்கொள். உனக்கும் மாப்பிள்ளை முகத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் இருந்தால் அதை மூடிவிட்டுப் பார்.

இப்போது அளவு. இந்தக் கடிதத்தோடு பெட்டியில் லாடம் வருகிறது, கருகின துணியோடு. ஆசாரியிடம் கேட்டு அளந்து எழுதியிருக்கிறேன், கடைசித் தாளில் படமும் போட்டிருக்கிறேன், சிரிக்காதே. குழியின் நடுவிலிருந்து இடது பக்கம் நாலு விரல். பலகையின் மேல்முகத்திலிருந்து ஒன்றரை விரல் கீழே. வாய்ப்பக்கம் கிழக்கே பார்த்து. அதையும் முக்கோணம் முக்கோணமாக வெட்டிக் கணக்குக்குள் போடு. உன் மூன்று வாரத்து எண்கள் வந்து பொருந்தினால், அந்த மூன்று வாரமும் வீண் போகவில்லை, உன் கணக்கு யாரும் சொல்லாமலே ஒரு களவைக் கண்டுபிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் அம்மாவும் சொல்கிறாள். தீசிஸில் மறைக்காமல் எழுது. லாடம் என்றே எழுது. அப்பா வைத்தது என்றும் எழுது. இந்த வருடமே கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையோடு ஒரே ஊரில் ஒரே வீட்டில் இரு.

தையில் உன் மறுவீட்டுச் சொதி உன் அடுப்பில்தான். இதை நான் உன் சந்தோஷத்துக்காகச் சொல்லவில்லை, என் தொழிலுக்காகச் சொல்கிறேன். விறகை இழுத்தாலும் தணல் நிற்கும், கேஸை மூடினாலும் அடுப்பு இரும்பில் சூடு நிற்கும். உன் அடுப்பில் பொத்தானை அமுக்கினால் அந்த நொடியே அடியிலிருந்து வருகிற சூடு நின்றுவிடுகிறது. முதல் பாலுக்காகவே செய்த அடுப்பு அது. இன்னொரு லாடமும் தேடி வைத்திருக்கிறேன். கோபப்படாதே. எவ்வளவு தள்ளி வைத்தால் உன் காந்தத்துக்குத் தொந்தரவு இருக்காது என்று கணக்குப் போட்டுச் சொல், அங்கே வைக்கிறேன். கொட்டகைக்கு வெளியே என்றாலும் சரி, தெருமுனை என்றாலும் சரி. வைக்காமல் மட்டும் இருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று. நான் முதல் பாலை ஊற்றுகிற நேரத்தில் நீ பட்டுச் சேலையும் மாலையுமாக என் முன்னால் வந்து நின்றுவிடாதே. பால் திரிந்துவிடும்.

அப்பா